டைலின் முதுகு

(மாத்தளையில் மேசன்மாருக்கும் வீடு கட்டுவோருக்குமாக நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

பாஸ்மார்களே, அம்மாமார்களே, கதவோரம் நிற்கும் தம்பிமாரே, முன்வரிசையில் நாற்காலி சும்மா கிடக்கிறது. வந்து உட்காருங்கள், கதை கொஞ்சம் நீளம்.

மேசையில் பூமாலைக்குப் பக்கத்தில் ஒரு டைல் கிடக்கிறது. இதையேன் கொண்டுவந்தீர்கள் என்று தலைவர்கூடக் கேட்டார். ரத்தோட்டைப் பக்கம் இருக்கிற என் அக்கா வீட்டு பாத்ரூம் சுவரிலிருந்து விழுந்த டைல் இது. ஓரடிக்கு இரண்டடி, போர்சிலேன், பத்து மில்லிமீற்றர் தடிப்பு. நாலு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். ஒட்டிய எட்டாவது மாதம், இரவு இரண்டு மணிக்கு விழுந்தது. கள்ளன் புகுந்துவிட்டான் என்று மச்சான் மண்வெட்டிப் பிடியைத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். பகலில் பேரப்பிள்ளையை உட்கார வைத்துக் குளிப்பாட்டும் பேசின், டைல் விழுந்த இடத்திலேதான் இருந்தது.

விடிந்ததும் எனக்கு அழைப்பு. முப்பது வருடம் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்தவன் நான். அந்தச் சுவரைப் பார்த்து ‘பரவாயில்லை, ஒட்டலாம்’ என்று சொன்னவனும் நான்தான். ஆகவே இன்றைக்கு யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. என் பிழையை உங்கள் முன்னால் பிரித்துக் காட்ட வந்திருக்கிறேன்.

அங்கே போனதும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். டைல் பாரம் என்றார் மச்சான். பசை போலி என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பாஸின் கை சரியில்லை என்றாள் அக்கா. நான் டைலைப் புரட்டினேன். பசை முதுகு முழுக்க, ஒரு மூலைகூட விடாமல் படிந்திருந்தது. பாஸ் ஒழுங்காகத்தான் ஒட்டியிருக்கிறார். அந்தப் பசையின் மேல் இளநீலத்தில் ஒரு மெல்லிய தோல், காய்ச்சிய பாலில் ஆடை படிவதைப் போல. நகத்தால் கீறினேன், சுருண்டு வந்தது. முந்தின வருடம் தேர்த்திருவிழாவுக்கு விருந்தாட்கள் வருகிறார்கள் என்று அவசரமாக அடித்த பெயின்ட் அது. டைல் பசையை விடவில்லை. பசை பெயின்டை விடவில்லை. பெயின்ட்தான் சுவரை விட்டுவிட்டது.

பாரம் என்ற பேச்சை முதலில் தீர்த்துவிடுவோம், எல்லாரும் பயப்படுவது அதற்குத்தான். பத்து மில்லிமீற்றர் போர்சிலேன் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 24 கிலோ. இப்போது எல்லாரும் ஆசைப்படுகிற இரண்டடிக்கு நாலடி டைல் ஒன்று 17 கிலோ, ஒரு சீமெந்து மூட்டையில் மூன்றிலொன்று. இருபது மில்லிமீற்றர் கருங்கல் பலகை என்றால் சதுர மீற்றருக்கு 54 கிலோ. சரி, பசை எவ்வளவு தாங்கும்? மூட்டையில் சி1, சி2 என்று அச்சடித்திருப்பார்கள். சி1 என்றால் ஒரு சதுர மில்லிமீற்றரை அரை நியூட்டன் விசையோடு இழுத்தாலும் விடக்கூடாது. வீட்டுக் கணக்கில் சொன்னால், சதுர சென்ரிமீற்றருக்கு ஐந்து கிலோ. நம் விரல்நகம் அளவு இடம் ஐந்து கிலோ அரிசியைத் தொங்கவிடும். சி2 அதற்கு இரண்டு மடங்கு. இரண்டடிக்கு நாலடி டைலில் 7200 சதுர சென்ரிமீற்றர் இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், சி1 பசையிலேயே 36,000 கிலோ வருகிறது. டைலின் பாரமோ 17 கிலோ. ஆய்வுகூடக் கணக்கு வேறு, பாத்ரூம் வேறு, உண்மைதான். நூறில் ஒரு பங்கு பிடித்தால்கூட டைல் விழக் காரணம் இல்லை. அப்படியும் விழுகிறது என்றால் பசைக்குப் பின்னால் இருக்கிற ஏதோவொன்று கையை விடுகிறது.

நாலந்தாவில் கெடிகேயைப் பார்த்திருப்பீர்கள். போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது கல் கல்லாகக் கழற்றி மேட்டில் கொண்டுபோய் மறுபடி அடுக்கிய கற்கோயில், நம் பல்லவர் கட்டிய கோயில்களின் சாயல் உள்ளது. அங்கே கல்லின் பாரம்தான் கல்லைப் பிடித்து வைத்திருக்கிறது, மேல்கல் கீழ்க்கல்லை அமுக்கிக்கொண்டு நிற்கிறது. டைலின் கதை நேர்மாறு. அது எதன்மேலும் உட்காரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. சுவர் ஒரே பொருள் என்றும் நினைக்காதீர்கள். கல்லோ செங்கல்லோ உள்ளே, அதன்மேல் சாந்து, அதன்மேல் பட்டி, அதன்மேல் பெயின்ட், அதன்மேல் பசை, கடைசியில் டைல். ஆறு பேர் கைகோத்து நிற்பதைப் போல. எத்தனை பலசாலிகள் நின்றாலும் நடுவில் ஒருவன் கையை உதறினால் முடிந்தது.

இதைச் சொல்லும்போது எனக்குச் சிகிரியா ஞாபகம் வரும். நம் மாவட்டத்துச் சொத்து, ஆனால் நம் பாஸ்மார் எத்தனை பேர் அதைத் தொழில் கண்ணோடு பார்த்திருக்கிறோம்? 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் காலத்து வேலை. அந்தப் பெண்களின் ஓவியங்களை வெறும் பாறையில் எழுதவில்லை. முதலில் களிமண்ணில் உமியும் நாரும் சேர்த்து ஒரு முரட்டுப் படை. அதன்மேல் மண்ணும் மணலும் சுண்ணாம்பும் கலந்த இன்னொன்று. அதற்கும் மேலேதான் மெல்லிய சுண்ணப் பூச்சு. உள்ளே முரடு, வெளியே நயம். கீழே கண்ணாடிச் சுவர் என்று சொல்கிறார்களே, அது செங்கல் சுவர்தான். சுண்ணச்சாந்து பூசித் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி மினுக்கியிருக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கருவும் தேனும் போட்டார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பிற்காலத்தில் வந்து பார்த்தவர்கள் அதில் கீறிவிட்டுப் போன பாட்டுகளில் 685ஐ தொல்லியல் அறிஞர் பரணவிதான 1956இல் புத்தகமாகவே போட்டார். ஆயிரத்து ஐந்நூறு வருடத்துச் சாந்தில் ஆயிரம் வருடத்துக் கீறல் இன்னும் வாசிக்கக் கிடக்கிறது. 1967இல் யாரோ ஓவியங்கள்மேல் பச்சைப் பெயின்டை அள்ளிப் பூசி நாசம் செய்தார்கள். அங்கேயும் வில்லன் பெயின்ட்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மினுக்கம் கடைசிப் படைக்கு மட்டும். அதற்கு மேல் எதுவும் ஒட்டுகிற எண்ணம் அந்த மேசன்மாருக்கு இல்லை. நம்மிடம் இருக்கிற வியாதி, டைல் வரப்போகிற சுவரையும் மினுக்கிவிடுவது. சாந்து பூசிச் சீமெந்துப் பால் தெளித்து இரும்புக் கரண்டியால் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிட்டு, ‘பாருங்க ஐயா, எப்படி பினிஷிங்’ என்பார்கள். அது பெயின்ட் அடிக்கிற சுவருக்கு அழகு. டைல் சுவருக்கு மரக்கட்டையால் தேய்த்து நிறுத்திவிட வேண்டும், கை வைத்தால் மணல் தாள் மாதிரி உரச வேண்டும்.

பழைய வீடுகளுக்கு வருவோம். மாத்தளைக்குச் சுண்ணாம்பு புதிதல்ல. இங்கே சுண்ணக்கல்லும் டொலமைட்டும் இருக்கிறது, சூளை வைத்து நீற்றியவர்கள் இருந்தார்கள். கைக்காவல ஓவலையிலிருந்து வெட்டுகிற பெல்ட்ஸ்பார்தான் பீங்கானுக்கும் டைலுக்கும் மூலப்பொருள். டைலின் ஒரு பங்கு நம் மண்ணிலிருந்தே போகிறது என்று பெருமைப்படலாம். அந்தச் சுண்ணாம்பைத்தான் நம் தாத்தா பாட்டிமார் தோட்டத்து லயத்துக் காம்பராச் சுவருக்கு வருடா வருடம் வெள்ளையடித்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இருபது, முப்பது தோல். இன்றைக்கு அந்தக் காம்பராவோடு ஒரு பாத்ரூமைச் சேர்த்துக் கட்டுகிறோம், மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறான், பெரிய டைல்தான் வேண்டும் என்கிறான். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மூன்று தலைமுறை ஒரு பீலித் தண்ணீரில் குளித்த சனம், நல்ல பாத்ரூம் கட்டட்டும். ஆனால் அந்த வெள்ளைத் தோலின்மேல் நேரே ஒட்டினால் அக்கா வீட்டுக் கதைதான்.

சுவரைச் சோதிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். முதலில் உள்ளங்கையால் தேயுங்கள், வெள்ளை ஒட்டினால் அது சுவர் அல்ல, மா. ஒட்டுகிற டேப்பை அழுத்தி வைத்து வெடுக்கென்று இழுங்கள், டேப்பின் வயிற்றில் என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு கரண்டிப் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாகக் கேட்டால் நல்லது. வெறும் பானையைத் தட்டுகிற சத்தம் வந்தால் சாந்து உள்ளே விட்டுப்போயிருக்கிறது, அந்த இடத்தைச் சோக்கால் வட்டம் போட்டு உடைத்துவிடுங்கள். கடைசியாக ஒரு கை தண்ணீரை எறியுங்கள். சுவர் குடித்துக் கறுத்தால் பசையும் பிடிக்கும். சேம்பு இலைமேல் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டால் அங்கே பெயின்டோ எண்ணெயோ இருக்கிறது. அக்கா வீட்டில் இந்தத் தண்ணீரை எறிய எனக்கு அரை நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

பெயின்ட் இருக்கிறது, என்ன செய்வது? ‘கொத்திவிட்டுத்தான் ஒட்டினோம்’ என்பார்கள். கொத்திய சுவரை நான் பார்த்திருக்கிறேன். சாணுக்கு ஒரு கொத்து, அம்மைத் தழும்பு மாதிரி. தழும்புக்குத் தழும்பு இடையில் பெயின்ட் அப்படியே சிரித்துக்கொண்டிருக்கும். பசை பிடிப்பது அந்தத் தழும்புகளில் மட்டும்தான், சுவரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நூறு சதுர அடிக்குப் பசை வாங்கிப் பத்துச் சதுர அடியில் தொங்கவிடுகிறோம். பெயின்ட் முழுதாகப் போக வேண்டும். கிரைண்டரால் தேய்த்தோ, சுரண்டியோ, முடியாவிட்டால் சாந்தோடு இறக்கியோ. பட்டி பூசிய சுவரென்றால் யோசனையே வேண்டாம், பட்டி தண்ணீர் படுகிற இடத்துப் பொருளே அல்ல. கடைசியில் தூசியைக் கழுவி எடுங்கள். தூசியும் ஒரு தோல்தான்.

பழைய சுண்ணச்சாந்துச் சுவர் இன்னும் சிக்கல். அந்தச் சாந்து மென்மையானது. அதன்மேல் கடுஞ்சீமெந்தை ஏற்றினால் காயும்போது அது சுருங்கி, கீழே உள்ளதைப் பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே கல் தெரியுமட்டும் இறக்குங்கள். கற்களின் இடுக்கைக் கிளறி நனையுங்கள். ஒன்றுக்கு மூன்று சீமெந்து மணல் கலவையை நீர்க்கக் குழைத்துக் கரண்டியால் விசிறி அடியுங்கள், சொரசொரப்பாக நிற்கட்டும். சந்தேகமான சுவரென்றால் கம்பி வலையை ஆணியடித்து இறுக்குங்கள். மறுநாள் ஒன்றுக்கு நாலோ ஐந்தோ, ஒரு தடவைக்குப் பதினைந்து மில்லிமீற்றருக்கு மேல் போகாமல் பூசுங்கள். சுவர் வளைந்திருக்கிறது என்று டைல் பசையாலேயே நிரப்பப் பார்க்காதீர்கள், பசை ஒட்டுவதற்கு, நிரப்புவதற்கு அல்ல. தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் இப்போதே பேசட்டும். இரண்டு மீற்றர் பலகையை வைத்தால் இடைவெளி மூன்று மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். சின்ன டைல் வளைந்த சுவரோடு வளைந்து போகும், பெரிய டைல் போகாது.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. போத்தலில் பாதி மணல், மேலே தண்ணீர், குலுக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாருங்கள். மணலின்மேல் தடித்த சேற்றுப் படை நின்றால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

பூசியது காய வேண்டும். இங்கேதான் வீட்டுக்காரர் அவசரப்படுவார், கல்யாணம் வரும், சடங்கு வரும். பூசிய சாந்தை ஒரு வாரம் நனைத்து, பிறகு விட்டுவிட்டு, மொத்தம் இரண்டு வாரமாவது கழிந்தபின் கை வையுங்கள். மார்கழி மழையில் எல்கடுவைப் பக்கம் இரண்டு வாரம் போதாது. சாந்து சுருங்கி முடியாத சுவரில் ஒட்டுவது, ஓடுகிற பஸ்ஸில் சட்டை தைப்பதைப் போல.

மலைநாட்டுக்கே உரிய தொல்லை இன்னொன்று. மேட்டை வெட்டி வீடு கட்டுகிறோம், பாத்ரூமைப் பின்பக்கம் மண்ணோடு ஒட்டி வைக்கிறோம். மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் முழுவதும் அந்தச் சுவரில் வந்து நிற்கும். சுவர் குடிக்கும், உள்பக்கம் உப்புப் பூக்கும். பூத்த உப்பு டைலைப் பின்னாலிருந்து தள்ளும். இதற்கு உள்ளே என்ன பூசினாலும் தற்காலிகம்தான். மண்ணை விலக்குங்கள், சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே ஆள் நடக்கிற இடம் விடுங்கள், கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். தோட்டத்தில் கான் வெட்டத் தெரியாதவர்கள் நமக்குள் யாரும் இல்லை. தேயிலைக்குச் செய்ததைச் சொந்தச் சுவருக்கும் செய்யுங்கள்.

உள்ளே தண்ணீர் தடுப்பு பூசுவது வேறு கதை. டைல் ஒட்டினால் தண்ணீர் போகாது என்று நினைக்கிறோம். டைலுக்குள் போகாது, இடைக்கோட்டு வழியாகப் போகும். குளிக்கிற மூலையில் தலைக்கு மேல்வரை, மற்றச் சுவர்களில் ஓரடி உயரத்துக்காவது, சீமெந்து வகைத் தடுப்பை இரண்டு கை, முதல் கை மேல் கீழாக, இரண்டாவது குறுக்காக. மூலைகளில் துணிப்பட்டி வைத்துப் பூசுங்கள், சுவர் வெடிப்பது மூலையில்தான். குழாயை அடைத்து அழுத்தம் கொடுத்துச் சோதித்துவிட்டுத்தான் இதையெல்லாம் ஆரம்பிக்க வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தம்புள்ளைப் பக்கம் சின்ன ஹோட்டல்களில் பலகைச் சுவர் வந்துவிட்டது. அதில்தான் பாரம் உண்மையிலேயே பாரம். பிரித்தானியத் தர விதி ஜிப்சம் பூச்சுக்குச் சதுர மீற்றருக்கு 20 கிலோ, பூச்சில்லாத ஜிப்சம் பலகைக்கு 32 கிலோ என்று எல்லை வைத்திருக்கிறது, பசையையும் கிரவுட்டையும் சேர்த்து. நாம் சொன்ன போர்சிலேன் 24, பசை நாலைந்து, ஆக 29 வருகிறது. ஜிப்சம் பூச்சு தாங்காது. பலகை காய்ந்த இடத்தில் தாங்கும், குளிக்கிற இடத்தில் ஊறிவிடும். அங்கே சீமெந்துப் பலகை போடுங்கள், சட்டத்தை நெருக்கி வையுங்கள்.

இனி டைலின் முதுகு. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் பாஸ் முதல்நாள் இரவே டைலை வாளியில் ஊறப்போடுவார். அது ஆறங்குல வெள்ளை டைல், எடையில் பத்து வீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கிற மண் உடம்பு. ஊறாவிட்டால் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிக் கெடுத்துவிடும். அவர் செய்தது சரி. இன்றைய போர்சிலேன் அரை வீதம்கூடக் குடிக்காது. அதை ஊறப்போடுவது கல்லை ஊறப்போடுவது மாதிரி. சீமெந்துப் பாலும் அதற்குள் வேர் விடாது. அதற்குத்தான் சி2 பசை. கடையில் டைல் மோட்டார் என்று கேளுங்கள், பம்புக்குப் போடுகிற மோட்டாரை எடுத்துத் தந்தால் நான் பொறுப்பல்ல. பல் வைத்த கரண்டியால் சுவரில் ஒரே திசையில் சீவுங்கள், டைலின் முதுகிலும் மெல்லப் பூசுங்கள், வைத்து அசைத்து அமுக்குங்கள். நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவில் ஒன்று என்று ஐந்து பொட்டு வைக்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பொட்டுகளுக்கு நடுவில் தண்ணீர் குடியிருக்கும். இடைவெளியே இல்லாமல் ஒட்டச் சொல்லி வீட்டுக்கார அம்மா கேட்பார். இரண்டு மூன்று மில்லிமீற்றர் விடுங்கள், சுவரும் சுவரும் சேரும் மூலையில் கிரவுட் வேண்டாம், சிலிக்கன் போடுங்கள்.

இவ்வளவும் தெரிந்த பாஸ்மார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். பிறகேன் டைல் விழுகிறது? கூலி முறையைப் பாருங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறோம். ஒட்டிய அடிக்குத்தான் காசு. பெயின்ட் சுரண்டிய இரண்டு நாளுக்கும், சாந்து காயக் காத்திருந்த இரண்டு வாரத்துக்கும் யாரும் ஒரு சதம் கொடுப்பதில்லை. சுரண்டுகிற பாஸ் நட்டப்படுகிறார், சுரண்டாதவர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். அக்கா வீட்டு பாஸுக்கும் சுவர் வேலைக்கென்று நாங்கள் ஒன்றும் பேசவில்லை. இறக்குமதியை நிறுத்தியிருந்த காலத்தில் டைலுக்கு அலைந்தோம், கிடைத்ததும் டைலுக்கே எல்லாக் காசையும் கொட்டினோம். வீடு கட்டுகிறவர்களிடம் கேட்கிறேன்: கணக்கு எழுதும்போது டைல் ஒரு வரி, ஒட்டுகூலி ஒரு வரி, சுவர் தயார் செய்யும் கூலி என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். பாஸ்மாரிடம் கேட்கிறேன்: அந்த வரி இல்லாத கணக்குக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அக்கா வீட்டில் மிச்ச டைல்களையும் கழற்றினோம். தட்டிய உடனே வந்தன. நாற்பத்திரண்டு டைல், ஒவ்வொன்றின் முதுகிலும் அதே நீலம். சுவரைச் சாந்துவரை இறக்கி, பூசி, மூன்று வாரம் விட்டு, அதே பாஸைக் கூப்பிட்டு ஒட்டினோம். இந்த முறை சுவருக்கும் கூலி கொடுத்தோம்.

மேசையில் இருப்பதைப் போகும்போது ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். நகத்தால் சுரண்டினால் நீலம் இப்போதும் உரியும். பார்த்து எடுங்கள், ஒரு முனை உடைந்திருக்கிறது, கையைக் கிழிக்கும்.